கடைசிப் பாட்டுக்கு முன்னால்

கையெழுத்து வாங்குகிறவர்கள் கடைசிப் பாட்டைக் கேட்பதில்லை. அது அந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம். மேடையில் கடைசிப் பாட்டுக்குச் சுருதி சேர்க்கும்போதே நைசாக எழுந்து, நாலு பேர் காலை மிதித்து, நாலு பேரிடம் திட்டு வாங்கி, அரங்கத்தின் பின்வாசலுக்குப் போய்விட வேண்டும். பாட்டு முடியட்டும், நிதானமாகக் கைதட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவனுக்குக் கார் கிளம்பிப் போன புகைதான் மிச்சம். பல்லுக்காரர் இந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை. போகாத கச்சேரி இல்லை. ஆனால் ஒரு கச்சேரி எப்படி முடியும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

பல்லுக்காரர் என்பது பின்வாசல் கூட்டம் வைத்த பெயர். வைத்தியரெல்லாம் இல்லை. வைத்தியர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. யாரோ ஒருவருடைய வாயின் அச்சு பெட்டியில் வந்து இறங்கும். அதில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ராவி, பளபளவென்று மெருகேற்றி அனுப்பிவிடுவார். அது போய்ச் சேரும் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. பட்டறையில் மெஷின் சத்தத்தில் பேச முடியாது. வீட்டில் சத்தமே இல்லை, ஆனால் பேச ஆளும் இல்லை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் கேட்கிறவர்களே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் தங்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

பின்வாசலில் நிலைமை வேறு. அங்கே ஊரே கொண்டாடும் ஒரு பாடகர் ஒரு கணம் நின்று, இவர் முகத்தை நேராகப் பார்த்து, "என்ன பேர் போடணும்?" என்று கேட்பார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் மனுஷன் மழையிலும் நிற்பது. ஆனால் கேட்டதும், "பேர் வேண்டாங்க, கையெழுத்து மட்டும் போதும்" என்பார். தன்னைத் தெரியாத ஒருவர் தன் பேரை அன்போடு எழுதினால் அது பொய்யாகிவிடுமாம். அப்படி ஒரு வீம்பு.

வாங்கியதில் எல்லாம் உசத்தி ஓர் இசைத்தட்டின் உறை. ஐந்து இளைஞர்கள் ஒரு மதிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் படம். வாலிபத்தில் முதல் சம்பளத்தில் வாங்கியது. நாலு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. டிரம்ஸ்காரர் போட்டுக் கொடுத்த அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். ஐந்தாவது ஆள் கிட்டார்க்காரர். மற்றவர்களோடு மனஸ்தாபமாகி, அந்த ஒரே இசைத்தட்டோடு இசைக்குழுவை விட்டுப் போனவர், எங்கே போனார் என்றே தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்த ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டு, முழுதாகாமல் மாட்டக் கூடாது என்று காத்திருந்தார்.

பின்வாசல் சினேகிதர் ஒருவர்தான் துப்புக் கொடுத்தார். "ஒரு ஹோட்டல்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஓரமா உக்காந்து வாசிக்கிறாரு. அவரேதான். தலை மட்டும் நரைச்சிருக்கு."

பல்லுக்காரர் பட்டறைக்கு லீவு சொன்னார். உறையைத் துணியால் துடைத்தார். வழவழப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மை திரண்டு வழியும். மார்க்கர் பேனாவைப் பழைய அட்டையில் கிறுக்கிப் பார்த்தார். ஹோட்டலுக்குப் போய், மேடையென்று சொல்ல முடியாத அந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தார்.

கிட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள், யாரும் கேட்காத வாசிப்பு. ஸ்பூன் சத்தமும் குழந்தைகளின் அழுகையும்தான் பெரிதாகக் கேட்டன. ஒருமுறை கண் திறந்தபோது பல்லுக்காரரின் பையிலிருந்து எட்டிப் பார்த்த உறையை அவர் பார்த்தார். வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. மெல்லத் தலையசைத்தார். பல்லுக்காரரும் தலையசைத்தார். அதற்கப்புறம் அந்த மனிதர் வேறு ஆளாக வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு குனிந்து, நிதானமாகச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். கடைசிப் பாட்டு.

பல்லுக்காரரின் கால்கள் தாமாக எழுந்துவிட்டன. பழக்கதோஷம். இத்தனைக்கும் இங்கே காரும் இல்லை, காவலும் இல்லை, முண்டியடிக்க ஒரு ஈ காக்கை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கியிருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. சமையலறைப் பக்கமாகச் சுற்றிப்போய்ப் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், உறையைத் தயாராக ஏந்திக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே புகை தள்ளும் மின்விசிறி காது கிழிய ஓடியது.

கிட்டார்க்காரர் ஏறக்குறைய ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்றார் வந்ததும் வராததுமாக. "உங்களுக்காகத்தான் வாசிச்சேன். கண்ணைத் திறந்து பாத்தா நாற்காலி காலி. சரி, கேட்டுட்டு வெளிய வந்து நிக்கிறாருன்னு நினைச்சேன்."

பல்லுக்காரர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"அந்த இசைத்தட்டுல நான் மெட்டுப் போட்ட பாட்டுங்க அது. சண்டை போட்டு வந்த நாள்லேருந்து தொடவே இல்ல. கூட வாசிக்க ஆளும் இல்ல, கேக்க ஆளும் இல்ல. இன்னைக்குத்தான் கை தானா போச்சு. தப்பு ஏதும் விட்டுட்டேனா? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'மன்னிச்சிடுங்க, நான் இங்க குப்பைத்தொட்டி பக்கத்துல நின்னுட்டிருந்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எதிரே நின்ற முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. கையெழுத்துப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஒரு தப்பும் இல்லைங்க," என்றார். "அப்படியே இருந்துச்சு."

"அப்படியேவா?"

"அப்படியே."

கிட்டார்க்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உறையை வாங்கி, நாலு கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். டிரம்ஸ்காரருடையதில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "பேர் என்ன போடணும்?"

"பேர் வேண்டாங்க. கையெழுத்து மட்டும் போதும்."

"பேர் போடல, விடுங்க," என்று சிரித்துவிட்டு, உறையைச் சுவரில் வைத்து நிறைய நேரம் எழுதினார். "அடுத்த வாரமும் வாங்க. அதையே வாசிக்கிறேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இன்னைக்கு மாதிரி வராது." தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

மை காயும்வரை உறையைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்று, பல்லுக்காரர் படித்தார். 'கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேட்டவருக்கு, அன்போடு.' கீழே கையெழுத்து.

வீட்டுக்கு வந்தும் அதை ஆணியில் மாட்டவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளில் ஒருவர் அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு பாட்டு வாசித்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை. தன்னந்தனி வீட்டில் அழுவதற்கு என்ன வெட்கம் என்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"கிடைச்சுதா அண்ணா?"

"கிடைச்சுது."

"அப்பாடா! இனிமேலாவது உருப்படியா ஏதாவது பண்ணு. ஆமா, நல்லா வாசிச்சாரா?"

"எனக்குன்னே ஒரு பாட்டு வாசிச்சாராம்மா."

"அட! எந்தப் பாட்டு?"

பல்லுக்காரர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த உறையைப் பார்த்தார். லைன் போய்விட்டதோ என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் பேசறேன் என்று போனை வைத்தார்.

இசைத்தட்டை எடுத்துப் போட்டார். முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்து, அந்தப் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு, கடைசிவரை கேட்டார். ஒவ்வொன்றிலும் கிட்டார் இருந்தது. எது யார் மெட்டு என்று உறையில் பிரித்துப் போடவில்லை, ஐந்து பேர் பெயரும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் இதுவாக இருக்கலாமே என்றிருந்தது. அந்த ஹோட்டலில் அன்றைக்குச் சாப்பிட்ட யார் வேண்டுமானாலும் அவரிடம் போய், கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று கேட்டுவிடலாம். இவரால் மட்டும் கேட்க முடியாது.