பத்து இன்ச் சட்டை

மதிய மணி அடித்ததும் மற்ற மூவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மாஸ்டர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. கம்பெனித் துணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நாலு துண்டு வெள்ளைத் துணி. வருடக்கணக்கில் போர்த்தித் துவைத்து, துவைத்துப் போர்த்தி, மெத்தென்று ஆகிப்போன பருத்திப் போர்வையிலிருந்து வெட்டியது. மேசை விளக்கைக் கழுத்தைப் பிடித்துத் தாழ்த்திக்கொண்டார்.

"பட்டினி கிடந்துதான் தைக்கணுமாண்ணே? ரெண்டு வாய் சாப்பிட்டு வந்து உட்காருங்க" என்றார் காஜாக்காரர். சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது அவர் வேலை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"அஞ்சு மணிக்குப் பஸ்சுடா. அதுக்குள்ள முடிக்கணும். நீ ஊசியைக் கோத்துக் குடுத்துட்டுப் போ."

காஜாக்காரர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறு ஊசிகளில் மளமளவென்று நூல் கோத்து மேசைமேல் வைத்தார். ஒரு வருடமாக இது தினமும் நடக்கிறது. மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். இந்த விளக்கின் அடியில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். வீட்டு பல்பு வெளிச்சத்தில் துணி எது, விரல் எது என்றே புரியாது. போன மாதம் கம்பெனியில் கண் பரிசோதனை வைத்தார்கள். அடுத்த வாரமே இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பரிசோதனை நாளன்று மாஸ்டர் வயிற்றுவலி என்று சொல்லி வராமல் தப்பித்திருந்தார்.

அங்கே தைப்பதெல்லாம் கைக்குழந்தை உடுப்பு. முழுக்கக் கைத்தையல். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அட்டையில் வட்டக் கண்ணாடி போட்ட பாட்டி ஒருத்தி சிரிப்பாள். கீழே 'பாட்டி கைப்படத் தைத்தது' என்று இருக்கும். தைக்கிற நாலு பேரும் ஆண்கள். "நாமெல்லாம் மீசை வச்ச பாட்டிங்கண்ணே" என்று காஜாக்காரர் அடிக்கடி சொல்வார். எத்தனை தடவை சொன்னாலும் மாஸ்டர் சிரிப்பார். இப்போது சிரிக்க நேரமில்லை.

மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. பிறந்தது பெண். ஒன்றேகால் கிலோ. பதினெட்டு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. மாஸ்டரின் மனைவி அன்றைக்கே போட்டது போட்டபடி கிளம்பிப் போய், ஆஸ்பத்திரியே கதி என்று இருக்கிறாள். நேற்று மருமகன் போனில் கூப்பிட்டிருந்தார்.

"மாமா, இனிமே சட்டை போடலாம்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. கடை கடையா ஏறி இறங்கிட்டேன். இருக்கறதுலயே சின்னதை வாங்கிப் போட்டாலும் பாப்பா உள்ளே காணாமப் போயிடுது."

"அளவு சொல்லுங்க மாப்ள."

"மார்பு பத்து இன்ச்சாம். கை என் கட்டைவிரல் தண்டிதான் இருக்கு மாமா."

மாஸ்டர் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டார். சட்டையைக் கையோடு கொண்டுபோய்க் குழந்தைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வருடமாக யார் யார் பிள்ளைகளுக்கோ தைத்தாயிற்று. சொந்தப் பேத்திக்கு இதுதான் முதல் துணி.

கடைசிக் கயிற்றை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார். முதலாளியின் மருமகள். புது டிசைன், படம் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாஸ்டர் சட்டையை மடிக்குள் இழுப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"என்ன மாஸ்டர் இது? ஐயோ, உள்ளங்கை அகலம்தான் இருக்கு!"

"பேத்திக்கு மேடம். என் சொந்தத் துணி. சாப்பாட்டு நேரத்துலதான் தைக்கிறேன்."

"அட, நான் ஒண்ணும் சொல்லலையே. காட்டுங்க." கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மூட்டுத் தையல் எல்லாம் வெளிப்பக்கம் இருக்கே. மாத்தித் தைச்சிட்டீங்களா?"

அங்கேதான் மாஸ்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மாற்றித் தைத்துவிட்டாயா என்று கேட்டால் எந்தத் தையல்காரனுக்குப் பொறுக்கும்?

"தெரிஞ்சேதான் தைச்சேன் மேடம். குறைமாசக் குழந்தை. தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். மூட்டு உள்ளே வந்தா உரசிச் செவந்து போயிடும். அதான் பிசிறை மடிச்சு வெளியே விட்டுட்டேன். பட்டன் கிடையாது, கயிறுதான். விரிச்சுப் போட்டு மேல படுக்க வச்சு முடிஞ்சிடலாம், அங்க இங்க புரட்ட வேண்டாம். இதோ, அக்குள்ல ரெண்டு விரல் இடம் விட்டிருக்கேன் பாருங்க. நெஞ்சுல ஒட்டி வச்சிருக்கற ஒயர் இது வழியா வந்துடும்."

"மாஸ்டர், இவ்வளவு விஷயத்தை வச்சுக்கிட்டு இத்தனை நாளா வாயே திறக்கலையே நீங்க!"

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில், மேடம் சட்டையையும் மிச்சத் துணியையும் எடுத்துக்கொண்டு போனதைத் தடுக்கத் தோன்றவில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார் என்றுதான் நினைத்தார்.

மூன்று மணிக்கு மேடமே திரும்பி வந்தார். கை மட்டும் வெறுங்கையாக இருந்தது.

"சூப்பர் நியூஸ் மாஸ்டர். போன்ல படம் அனுப்பின உடனே கடைக்காரங்க இருநூறு பீஸ் வேணும்னுட்டாங்க. பத்து நாள்ல."

"சந்தோஷம் மேடம். அந்தச் சட்டையைக் குடுத்தீங்கன்னா, அஞ்சு மணிக்குப் பஸ்சு..."

"அது சாம்பிள். இன்னைக்கு நல்லாப் படம் எடுத்து, சட்டையையும் சேர்த்து ராத்திரிக்குள்ள அனுப்பியாகணும். இந்த அளவுக்கு வெட்டறது உங்க ஒருத்தர் கைக்குத்தான் வரும். நீங்க இல்லாம எப்படி?"

"லீவு சொல்லியிருந்தேனே மேடம்."

"அடுத்த மாசம் போங்க. குழந்தை எங்க போயிடப் போகுது?"

மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. மேடம் அதைக் கவனிக்கவில்லை. "வெளியில இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுத்துடாதீங்க. இனிமே இது கம்பெனி டிசைன். ஒரு பீஸ் வெளியே போனாலும் ஆர்டர் கைவிட்டுப் போயிடும்."

"என் பேத்திக்காகத் தைச்சது மேடம்."

"அதைத்தான் அட்டையிலயும் போடப் போறோம். குறைமாசப் பேத்திக்குப் பாட்டி தைச்சதுன்னு. தாத்தான்னு போட்டா யாரு வாங்குவா?" சிரித்துக்கொண்டே கேட்டார். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. கண்ணு கிண்ணு ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை மேடம்" என்று மாஸ்டர் அவசரமாகச் சொன்னார்.

மேடம் போனதும் காஜாக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கண்ணு தெரியலைன்னு உண்மையைச் சொல்லிடுங்களேண்ணே. விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்கடா. ஒரேயடியா விட்டுடுவாங்க."

"சரி, துணி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. நான் வீட்டுல உட்கார்ந்து தைக்கிறேன்."

"கம்பெனி டிசைனாம், கேட்டியா? தெரிஞ்சா உன் பொழைப்பும் சேர்ந்து போகும். உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு." மாஸ்டர் இருநூறில் முதல் சட்டைக்குத் துணியை விரித்தார். சாக்குக்கட்டியால் போட்ட கோடு கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

நாலேமுக்காலுக்கு மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா?"

"இல்ல. இங்க அவசர வேலை ஒண்ணு வந்துடுச்சு."

"விளையாடாதீங்க. தாத்தா சட்டை கொண்டு வர்றாருன்னு நர்ஸ்கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன். மாப்ளயோட பனியனை வெட்டித்தான் பாப்பாவைச் சுத்தி வச்சிருக்கோம். ஒயர்ல மாட்டி மாட்டி அவுந்துடுது, கை ரெண்டும் சில்லுனு ஆயிடுதுங்க."

"பார்க்கிறேன்."

"என்னத்தப் பார்க்கிறீங்க? வருவீங்களா, மாட்டீங்களா?"

"மாஸ்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று படம் எடுக்கும் அறையிலிருந்து மேடம் கூப்பிட்டார். மாஸ்டர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே இரண்டு பெரிய விளக்குகள் எரிந்தன. அவற்றுக்கு நடுவே, வெள்ளைப் பஞ்சு மெத்தையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருந்தது. பொம்மைக்குப் பேத்தியின் சட்டையைப் போட்டிருந்தார்கள்.

"பொம்மைக்கு லூசா இருக்கு, படத்துல தொளதொளன்னு விழுது" என்றார் மேடம். "ரெண்டு பக்கமும் அரை இன்ச் பிடிச்சுடுங்க. கழட்டாதீங்க, டைம் இல்லை. அப்படியே வச்சுத் தைச்சுடுங்க."

மாஸ்டர் குனிந்து பொம்மையை எடுத்தார். இடது உள்ளங்கையை அதன் பிடரிக்கு அடியில் கொடுத்து, தலை சாய்ந்துவிடாமல் தாங்கி, மெல்ல மார்போடு தூக்கிக்கொண்டார்.

மேடம் சிரித்துவிட்டார். "மாஸ்டர், அது பொம்மை. காலைப் பிடிச்சுத் தூக்குங்க, ஒண்ணும் ஆகாது."

"சரிங்க மேடம்" என்றார் மாஸ்டர். கையை எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பொம்மையை மடியில் படுக்க வைத்துக்கொண்டார். ஊசி குத்திவிடாதபடி தன் ஆள்காட்டி விரலைச் சட்டைக்கும் அதன் நெஞ்சுக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு, பத்து இன்ச்சை ஒன்பதாக்கத் தொடங்கினார்.