காரணமில்லாமல் உறைந்த ரத்தம்

...ரயில் என்று ஏன் சொன்னேன், வாயில் வந்தது ரயில், போன வாரம் ஒரு சாவுக்குப் போயிட்டு வந்தேன் டாக்டர், ராத்திரி பகலா உட்கார்ந்தே வந்தேன்... சாவு என்று வேறு சேர்த்துக்கொண்டது இந்தப் பாழாய்ப்போன நாக்கு. யாருடைய சாவு? நல்லவேளை, டாக்டரம்மா கேட்கவில்லை. பக்கத்திலிருந்த இவளும் வாயைத் திறக்கவில்லை, கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதா என்ன, போன வாரம் முழுக்க நான் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து அலைந்தது, வியர்வைச் சட்டையைத் தினமும் ஊறப்போட்டவள் இவள்தானே. டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, இல்லை, படுத்த படுக்கையா இருந்தீங்களா, இல்லை, காலில் அடி கிடி, இல்லை... நல்ல பிள்ளை மாதிரி நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சொன்னார்: "காரணமே இல்லாம ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டுச்சுன்னா, சில பேருக்கு உள்ள எங்கேயாவது புற்றுநோய் ஒளிஞ்சிருக்கும். எல்லாருக்கும் இல்ல. ஆனா தேடிப் பார்த்துடணும்." அப்போதுதான் நான் ரயில் ஏறினேன்.

நம்பிவிட்டார். அப்படின்னா பயணம்தான் காரணமா இருக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, மூணு மாசம் கழிச்சு வாங்க என்றார். ஜெயித்துவிட்டேன், மாத்திரையும் வாங்கியாயிற்று, பிறகு ஏன் இந்த வராந்தா நாற்காலியைவிட்டு எழுந்து வீட்டுக்குப் போக முடியவில்லை? இடது கால் வீங்கித் தோல் பளபளவென்று யாருடைய காலோ போலக் கிடக்கிறது. ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் நடைராஜா, நாள் முழுக்க நடக்கிற உங்களுக்கா ரத்தம் கட்டுச்சு என்று போனில் தங்கச்சிகூடச் சிரித்தாள். யாரை ஏமாற்றினேன், டாக்டரையா, உள்ளே இருப்பதையா? இவன் ரயிலில் போனவன், இவனை விட்டுவிடு என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது... மூன்று மாதம் அது சும்மா இருக்குமா? சாப்பிட்டதும் முதுகைத் துளைக்கிற அந்த வலி, வாயு வாயு என்று இவளிடம்கூடத் தள்ளிவிட்டேனே, அதையாவது சொன்னேனா? மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், குழந்தையின் முகத்தைப் பார்க்கணும், பார்க்கணும் என்றால்... எழுந்தேன். இவளும் கூடவே எழுந்து வந்தாள்.

பொய் சொல்லிட்டேன் டாக்டர், ரயிலும் இல்ல சாவும் இல்ல, என்றேன். திட்டுவார் என்று நின்றேன், உட்காருங்க என்றார். முதுகு வலியைச் சொன்னேன். இன்றைக்கே வயிற்றை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். உடம்பு இளைச்சிருக்கா என்று கேட்டார், அப்பாடா, இது ஒன்றுக்காவது பொய்யில்லாமல் நல்ல பதில் இருக்கிறது, இல்லவே இல்ல டாக்டர், ரெண்டு வருஷத்துப் பேண்ட், பாருங்க, இன்னும் கச்சிதமா நிக்குது, என்று எழுந்து இடுப்பைக் காட்டினேன், சிரித்தேன்கூட. இவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நான்தான் பிடிச்சுத் தைச்சேன். ரெண்டு தடவை. இவருக்குத் தெரியாது."

இடுப்புப் பட்டைக்குள் விரலை விட்டேன், பின்பக்கம் மடித்த துணி தடிப்பாக இருந்தது, வெளியே தெரியாமல் எவ்வளவு நுணுக்கமான தையல், தினமும் போட்டுக்கொண்டு நடந்தவனுக்குத் தெரியவில்லையே... எப்போது தைத்தாள், நான் வேலைக்குப் போன பிறகா? என்னிடமிருந்து மறைத்தாளா, இல்லை, துணியைப் பிடித்துவிட்டால் உடம்பும் அங்கேயே நின்றுவிடும் என்று... ஸ்கேன் அறை இந்தப் பக்கம் என்று நர்ஸ் சொன்னார். நான் காலை இழுத்து இழுத்து நடந்தேன், என் பயத்தை இவளிடம் மறைத்ததாக அல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்...