கூலி ஆட்டக்காரன்

கை குலுக்கும்போதே லைமன் கண்டுபிடித்துவிட்டான். எதிர்க் கல்லூரியின் பேச்சாளன் அவன். விவாத மேடையில் அத்தனை விளக்குகளுக்கு நடுவே, ஆர்வில் கீனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்: "நெட் பர்க்தானே நீ? ஜூலையில எங்க ஊர் மைதானத்துல பந்தையே கண்ணுல காட்டாம என்னைய அவுட்டாக்கினியேப்பா!"

ஆர்வில் சிரித்துவைத்தான்.

கோடை விடுமுறையில் ஒஹையோவின் சுரங்க ஊர் ஒன்றுக்காக, அந்தப் பொய்ப் பெயரில், கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியது அவன்தான். அப்பாவின் பண்ணையில் சோளம் பொய்த்த வருஷம். அந்தக் கூலி இல்லையென்றால் கல்லூரிச் சம்பளத்துக்கு எங்கே போவது? காசுக்கு ஆடுகிறவன் கனவான் அல்ல என்று எல்லாக் கல்லூரிகளும் சொல்லிக்கொண்டிருந்தன. அப்படிச் சொன்னவர்களிலும் பலர் விடுமுறையில் ஆடிவிட்டு வந்தவர்கள்தான்.

இன்றைய விவாதமே அதுதான்: காசுக்கு ஆடியவனைக் கல்லூரியை விட்டு நீக்க வேண்டுமா? சீட்டுப் போட்டதில் 'நீக்க வேண்டும்' என்ற பக்கம் ஆர்விலுக்கு விழுந்தது. ஜெயிக்கிற பக்கத்தையே விதியாக்கிவிடுவதாகக் ஆர்விலின் கல்லூரித் தலைவர் டாக்டர் ஸ்டெட்மன் அறிவித்திருந்தார். தொண்டை சரியில்லை என்று ஆர்வில் சொல்லிப் பார்த்தான். அவனுடைய அறை நண்பனும் பேஸ்பால் அணித்தலைவனுமான ஹோமர் விடவில்லை. "டேய், நல்லா எறியுறவனும் நீதான், நல்லா பேசுறவனும் நீதான். உன்னை விட்டா இதைப் பேச எவன்டா இருக்கான்?"

தோற்றுவிடலாம் என்றுதான் எழுந்தான். ஆனால் மேடை என்று வந்துவிட்டால் அவனுக்குத் தன்னை அடக்கத் தெரியாது. பாழாய்ப்போன நாக்கு! கொஞ்ச நேரத்திலேயே மண்டபம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

அடுத்து லைமன் எழுந்தான். இதோ போட்டு உடைக்கப் போகிறான் என்று ஆர்வில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு பண்ணைக்காரர் மகன். படிக்கக் காசில்ல. லீவுல நாலு மேட்ச் ஆடுறான். யார் வீட்டுல திருடினான் அவன்?" லைமன் திரும்பி ஆர்விலைப் பார்த்தான். "என் எதிர்ல இருக்கிற நண்பரையே கேக்குறேன். அந்தப் பையன் இங்க வந்து நின்னா, போடான்னு சொல்ல இவருக்கு மனசு வருமா?"

காட்டிக்கொடுக்கவில்லை, தப்பிக்க வழிவிடுகிறான். வராது என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்தால் போதும். தோற்றுப் பிழைக்கலாம். ஆர்விலுக்கு அழுகை முட்டியது.

அவன் எழுந்தான். மாடி வரிசையிலிருந்து ஹோமர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரும்," என்றான் ஆர்வில். "அவன் ஆடுனதுக்காக இல்ல. கூடவே தங்கி, கூடவே சாப்பிடுற நண்பன்கிட்டகூட அவன் உண்மையைச் சொல்லல பாருங்க, அதுக்காக. அவன் முகத்தைப் பார்த்தே சொல்லுவேன், போடான்னு."

வாழ்க்கையில் அவ்வளவு மனதாரப் பேசியதே இல்லை. மண்டபம் அதிர்ந்தது. நடுவர்கள் மூவரும் அவன் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

டாக்டர் ஸ்டெட்மன் பைபிளோடு மேடையேறினார். "நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போடணும்? பேஸ்பால் பசங்க எல்லாரும் மேல வாங்க. காசுக்கு ஆடினதில்லன்னு இது மேல கைவெச்சு சொல்லுங்க. மொதல்ல நீ வாப்பா, ஆர்வில்."

ஹோமர் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து அவன் முதுகில் தட்டி முன்னால் தள்ளினான். கீழே மாணவர்கள் பெஞ்சுகளை அடித்துக்கொண்டு ஆர்வில், ஆர்வில் என்று கத்தினார்கள். லைமன் மட்டும் கைதட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர் ஸ்டெட்மன் இரண்டு கைகளிலும் பைபிளை ஏந்தி, சிரித்த முகமாக நின்றார். ஆர்வில் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தான்.