கனத்த சாராயம்

கொதிகலன் புகையிலிருந்து சாராயம் வந்துவிட்டது! வீடே 'புகைக்காரி' என்று கேலி செய்யும் அந்த ரசாயனக்காரி குதித்த குதியில் ஆலைக் கொட்டகையின் கண்ணாடிக் குடுவைகள் கிடுகிடுத்தன. புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்து, செப்புத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி எரிபொருள் சாராயமாக்குவேன் என்பது அவள் பிடிவாதம். சாயங்காலத்துக்குள் எதையாவது கண்ணில் காட்டாவிட்டால், புகைபோக்கியிலிருந்து வரும் குழாயை அறுத்துவிடுவதாக மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இயந்திரத்தைக் கட்டித் தந்த கொழுந்தன், வெல்டிங்காரன், மட்டும் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உள்ளே கிரீஸ் ஒட்டியிருந்துச்சு. நேத்து ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்."

"அடப்பாவி! ஸ்பிரிட்டும் சாராயம்தானே தம்பி!"

அவள் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். குடுவையில் இருப்பது புகை பெற்றதா, துடைத்த துணி விட்டுப்போனதா? பேசாமல் மேலாளரிடம் நீட்டிவிடலாம், அவருக்கு என்ன தெரியப் போகிறது? அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

அலமாரியில் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அதிலிருந்ததும் கரியமில வாயுதான், ஆனால் அதன் கரி அணு சாதாரணக் கரி அணுவைவிடக் கொஞ்சம் கனம். விலை அதிகமென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அந்த வாயுவிலிருந்து பிறக்கும் சாராயமும் கனத்துத்தான் பிறக்கும். மூலக்கூறை எடைபோட்டுச் சொல்லும் கருவியில் கடை ஸ்பிரிட் நாற்பத்தாறு காட்டும். சாராயத்தின் இரண்டு கரி அணுவுக்கும் ஒன்றொன்று கூடி, இவர்களுடையது நாற்பத்தெட்டு காட்டியாக வேண்டும். இயந்திரத்தைக் கழற்றிக் கழுவக்கூட நேரமில்லை; புகைக் குழாயை மூடிவிட்டு அந்தச் சிலிண்டரை மாட்டினாள்.

"திறங்க தம்பி, ஆனது ஆகட்டும்!"

மதியம் தாண்டி, கருவியின் திரையில் முதல் கோடு எழுந்தபோது மேலாளரும் வந்து பின்னால் நின்றுகொண்டார். நாற்பத்தாறில் கோடு பனைமர உயரம். கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டில், குட்டியாக, இன்னொன்று தலை நீட்டியது.

அவள் போட்ட கூச்சலில் வெளியே போன லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். காலையில் குதித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னம்மா இது? பெரிசை விட்டுட்டுச் சின்னதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"பெரிசு கடையில வாங்கினது சார்." அவள் குட்டிக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இந்தச் சின்னதுதான் நாங்க பெத்தது."

மேலாளர் குனிந்து அந்தக் குட்டிக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, குழாய் இருக்கட்டும். இதை வளர்த்துக் காட்டுங்க."