இடது டயரில் தண்ணீர்

என் தம்பி தும்முவதற்கு முன்னால்கூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தும்முவான் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவனுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனுக்கு எதுவுமே அவ்வளவு சீக்கிரம் வராது. நீங்க ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதானா என்று என் மனைவியே பலமுறை கேட்டிருக்கிறாள்.

நாங்கள் மரம் வளர்த்து விற்கிறவர்கள். கன்றாக விற்பதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்து, சிமெண்டுத் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய், வாங்கியவர் வாசலில் இறக்கி வைப்போம். மண்ணும் ஈரமும் சேர்ந்து ஒரு தொட்டி முந்நூற்றைம்பது கிலோ வரும். அதைத் தூக்க எங்களிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது, முன்னால் லோடர் கை வைத்தது. சின்ன வண்டிக்கு முன்னால் பெரிய சுமை ஏறினால் பின்பக்கம் லேசாகி, வண்டி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். அதற்காகப் பின்னால் கான்கிரீட் ஊற்றிய இரும்புப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருப்போம். அது போதாதென்று பின்டயர் இரண்டிலும் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பியிருப்போம். டயருக்கு நூறு கிலோ கூடும். சுமையோடு கை மேலே போகும்போது வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருப்பது அந்தப் பெட்டியும் அந்தத் தண்ணீரும்தான்.

வண்டியை ஓட்டுவது தம்பி. ஒவ்வொரு தொட்டிக்கும் இறங்கி ஒரு சுற்று சுற்றி வருவான். பெட்டி மாட்டியிருக்கிறதா, தரை சமமா, பெல்ட் போட்டாயிற்றா என்று பார்ப்பான். வண்டி நகரும்போது தொட்டி முழங்கால் உயரத்தைத் தாண்டாது. லாரிக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் மேலே தூக்குவான். திங்கட்கிழமைதோறும் பின்டயர்களின் வால்வை ஒரு குச்சியால் அமுக்கி, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பான்.

“டிராக்டருக்கு நாடி பிடிச்சுப் பாக்குறியாடா? மருந்து எழுதிக் குடுத்துட்டுச் சீக்கிரம் வா, லாரிக்காரர் கத்துறாரு” என்பேன்.

“நீ சிரிண்ணே. கவுந்துச்சுன்னா சிரிக்க நேரம் இருக்காது” என்பான்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை அவன் மரம் இறக்க வெளியூர் போயிருந்தான். இடது பின்டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர்காரர் வந்து தண்ணீரை எல்லாம் இறக்கிவிட்டு, ட்யூபை ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். “தண்ணிய நீங்களே ஏத்திக்கோங்க. மறந்துடாதீங்க, ஒரு பக்கம் மட்டும் லேசா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி சரி என்றேன். ஜாக்கி போட்டு, வால்வை மேலே கொண்டுவந்து, குழாயைச் செருகி, நடுநடுவே காற்றை வெளியே விட்டு ஏற்ற வேண்டும். ஒரு மணி நேர வேலை. குழாய் அன்றைக்குக் கடைசி வரிசை மரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். வியாழக்கிழமை போயிற்று, வெள்ளிக்கிழமையும் போயிற்று.

சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு தொட்டிகள் லாரியில் ஏற வேண்டும். புது ஆஸ்பத்திரி ஒன்றின் முன்வாசலுக்கு. டயரில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் தம்பி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். தண்ணீர் ஏறி முடிகிறவரை ஒரு தொட்டிகூட நகராது. போதாக்குறைக்கு அரை மணி நேரம் பாடம் நடத்துவான். அதனால் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அவன் பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தபோது, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நான்கு தொட்டி நல்லபடியாக ஏறியது. நானும் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பார், ஒன்றும் ஆகவில்லை, இவன்தான் வீணாக உயிரை வாங்குகிறான் என்று. ஐந்தாவது தொட்டியை லாரியின் பக்கப் பலகைக்கு மேல் தூக்கி, ஒரு முழம் முன்னால் நகர்த்தினான். வலது முன்சக்கரம் ஈரமண்ணில் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான், நாலு விரல்கூட இருக்காது. இடது பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. அவன் கை உடனே லிவருக்குப் போனதை நான் பார்த்தேன். தொட்டி இறங்கத் தொடங்கியதையும் பார்த்தேன். வண்டி அதற்குள் வலது பக்கம் சாய்ந்துவிட்டது. பெல்ட்டும் தலைக்கு மேல் இருந்த இரும்புக் கம்பியும் உயிரைக் காப்பாற்றின. வலது கால் மட்டும் மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

என் மனைவி அவனோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். வண்டியை நிமிர்த்திவிட்டு வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன். கிரேன் வந்தது, வண்டியை நிமிர்த்திக் கொட்டகைக்குள் இழுத்து விட்டது, போயிற்று. தோட்டத்தில் யாரும் இல்லை. நான் ஜாக்கி போட்டு, குழாயை எடுத்து வந்து இடது டயரில் தண்ணீர் ஏற்றினேன். மூன்று நாளாகக் கிடைக்காத ஒரு மணி நேரம் அன்று மத்தியானம் எனக்குக் கிடைத்தது. கைகழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவன் கேட்டது வலி மாத்திரை இல்லை. “அண்ணே, இடது பக்கம்தான் முதல்ல எழும்புச்சு. ஏன்னு புரியல. நான் வர்ற வரைக்கும் வண்டிய யாரும் தொடக் கூடாது, சரியா?” என்றான். சரி என்றேன்.

ஐந்து வாரம் கழித்துக் கக்கத்தில் கட்டைகளை ஊன்றி வந்தான். வீட்டுக்குள் போகவில்லை, நேரே கொட்டகைக்குப் போனான். டிராக்டர் மெக்கானிக்கை அவனே வரச் சொல்லியிருந்தான். பெட்டியின் கொக்கி, முன் அச்சு, லோடர் கையின் எண்ணெய்க் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தான். கடைசியில் இடது டயர் வால்வை அமுக்கச் சொன்னான். தண்ணீர் பீய்ச்சி மெக்கானிக்கின் சட்டையை நனைத்தது. “நிறையவே இருக்கு தம்பி” என்று அவர் சிரித்தார்.

தம்பி அந்த ஈரத்தைப் பார்த்தான். “அப்ப நான்தான்” என்றான்.

வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது. மெக்கானிக் போகட்டும் என்று நினைத்தேன். அவர் போன பிறகு, கால் ஆறட்டும் என்று நினைத்தேன். கால் ஆறிய பிறகு, இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் நான் சோம்பேறி இல்லை.

அதற்குப் பிறகு அவன் வண்டியைத் தொடவில்லை. டிராக்டர் மட்டும் இல்லை, சைக்கிளைக்கூடத் தொடவில்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து மரங்களுக்குப் பெயர்த்தகடு எழுத ஆரம்பித்தான். அதையும் மாட்டுவதற்கு முன் என்னிடம் நீட்டுவான். “எழுத்துச் சரியா இருக்கா பாருண்ணே.” கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “அணைச்சுட்டேனா பாருண்ணே” என்பான். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வான். தராசு என்று கூப்பிடுவதை எல்லோரும் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஊரையே சரிபார்த்தவனுக்கு நான் சரிபார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

போன மாதம், இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தம்பி வேலை செய்வதை அந்தக் காலத்தில் பார்த்தவர்.

“என் யார்டுல பன்னிரண்டு லோடர் நிக்குது. ஓட்டுறவங்க ஒருத்தனுக்கும் பயமே கிடையாது. நீங்க வந்து ஒவ்வொரு வண்டியையும் பாத்து அனுப்பணும். நீங்க ஓட்டவே வேண்டாம்” என்றார்.

தம்பியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். உடனே போய்விட்டது. “வேண்டாம் சார். நான் பாத்து அனுப்புனா யாராவது செத்துடுவாங்க” என்றான்.

“திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல வேற ஆளப் போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “இதையும் விட்டா தம்பி இனி எழுந்திருக்கவே மாட்டாரு. நீங்க சொல்லுங்க. நீங்க எது சொன்னாலும் நம்புவாரு.”

நம்புவான். அதுதானே என் நோயே. அவளுக்கும் எதுவும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலுவலக அறைக்குப் போனேன். பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

“அன்னிக்கு இடது டயர்ல தண்ணி இல்லடா.”

“என்னிக்கு?”

“நீ கவுந்த அன்னிக்கு. புதன்கிழமை பஞ்சர் ஆச்சு. நீ இல்ல. தண்ணிய இறக்கிக் காத்து மட்டும் அடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். சொல்லல. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு அப்புறம் நான்தான் ஏத்துனேன்.”

பிரஷைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“முழுசா காலியா?” என்று கேட்டான்.

“முழுசா.”

ஒரு வெற்றுத் தகட்டை இழுத்து, பின்பக்கத்தில் நான்கு சக்கரம் வரைந்தான். வலது முன்சக்கரத்துக்கு ஒரு அம்பு, தொட்டிக்கு ஒரு அம்பு. இடது பின்சக்கரத்தில் நூறு என்று எழுதி அதை அடித்தான். அவன் விரல் அந்த அடித்த இடத்திலேயே நின்றது.

“அதான்” என்றான். “அதான் அது முதல்ல எழும்புச்சு. அப்ப நான் லிவர இறக்குனது லேட் இல்லையா?”

“இல்லடா. நீ உடனே இறக்குன. நான் பாத்தேன்.”

“அப்ப நான் எல்லாமே சரியாத்தான் செஞ்சேன்?”

“எல்லாமே சரியாத்தான் செஞ்ச.”

அவன் சிரித்தான். ஏழு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. இவ்வளவு சின்ன வார்த்தையைத் தராமல் வைத்திருந்தேனே.

அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

“மெக்கானிக் வந்த அன்னிக்கு, கொட்டகையில இருட்டா இருந்துச்சு. வால்வு மேல டார்ச் அடிச்சுக் காட்டுனது யாரு?”

“நான்தான்.”

“நான்தான் தப்புப் பண்ணேன்னு நான் சொன்னப்பவும்?”

“டார்ச் என் கையிலதான்டா இருந்துச்சு.”

அவன் தலையாட்டினான். கோபம்கூட இல்லை. ஒரு கணக்கை முடித்தவன் மாதிரி தகட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போனை எடுத்து அந்த முதலாளியை அழைத்தான். நாளைக்கே வருகிறேன் என்றான்.

திங்கட்கிழமை காலையில், கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து, தன் அறைக் கதவைப் பூட்டினான். நான் வழக்கம்போலச் சாவிக்காகக் கை நீட்டினேன். அவன் பூட்டை ஒருமுறை தானே இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அண்ணியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.