கைதட்டாத ஊர்

1

ஒரு முறைப்பிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். வாசிப்பு முடிவதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் கைதட்டிவிட்டார். முன்வரிசை ஆள் திரும்பி அவரை முறைத்தார். அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார், கடைசிவரை எடுக்கவேயில்லை. அவர் யார், என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

கிடாரைப் பற்றியும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆறு தந்தி என்று தெரியும். இந்தக் கதைக்கு அது போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஜாஸ் உலகம் தன் ஈடு இணையற்ற கிடார் மேதையை இழந்து" (இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: "வானமும் அவருக்காக அழுவதுபோல் மழை" (வெட்கமாக இருக்கிறது. நீங்களும் கொஞ்சம் வெட்கப்படட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

மூன்றாவது நிலைத்துவிட்டது. அது இது.

2

பெரியவர் செத்த மறுநாள் காலை, கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஒரு ஸ்க்ரூவைத் தேடித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, எறும்புத் தலை அளவுதான் இருக்கும். மேசைமேல் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் கடைக்காரர் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் ஓடும்போது அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

(பெரியவர் யார்? ஜாஸ் கிடார் கலைஞர். எங்கோ தொலைவில் பிறந்து எங்கோ தொலைவில் செத்தவர். அவருக்குப் பிறகு கிடாரைத் தொட்டவர்களில் அவரிடமிருந்து திருடாதவர் யாருமில்லை. இந்த ஊரில் அவருக்கு ஒரு ரசிகர் கூட்டம், தலைவர் நம் கடைக்காரர். தலைவரைச் சேர்க்காமல் எட்டுப் பேர். அவர்கள் எல்லோரும் கடைக்காரரின் மனைவியை அண்ணி என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.)

ரேடியோவில் பெரியவரின் பழைய பேட்டி ஒன்றைப் போட்டார்கள். அறிவிப்பாளர் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். உங்களுடைய அந்த நீளமான மெதுவான பாட்டை ஏன் மேடையில் வாசிப்பதையே விட்டுவிட்டீர்கள் என்று கேள்வி. பெரியவர் சிரித்தார். பிறகு ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். அண்ணி தவழ்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது இந்த ஊர்.

"என் வாழ்நாளிலேயே அதை நன்றாக வாசித்த இரவு அதுதான். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ஒருவர்கூடக் கையைத் தூக்கவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டார்கள், எப்போது வெளியே போகலாம் என்று காத்திருப்பதுபோல. என் விரல் பொய் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அதைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை."

3

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம்.

இந்த எட்டுப் பேரும் தலைவரும் ஜாஸ் கற்றுக்கொண்டது ஒரே ஒரு இசைத்தட்டிலிருந்து. மேடையில் வாசித்ததைப் பதிவு செய்த தட்டு. இடம் போதாமல் கம்பெனிக்காரர்கள் கைதட்டலை எல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள்.* வெட்டியது இவர்களுக்குத் தெரியாது. 'அடடா, என்ன ரசிகர்கள்! மூச்சுகூட விடாமல் கேட்கிறார்களே! நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்' என்று முடிவு செய்தார்கள். கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவருக்குச் சொல்லும் முதல் விதியே கைதட்டக் கூடாது என்பதுதான். பெரியவர் ஒருமுறை இந்த ஊருக்கு வந்தபோது வாசலிலேயே நின்று, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் விதியைச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். ஊரும் கட்டுப்பட்டது. கடைசியில் எழுந்து தலைகுனிந்து நின்றதும் மரியாதைக்காகத்தான்.

அன்று கண்ணீர் விட்டவர்கள் உண்டு. எட்டுப் பேரில் ஒருவரான பல் டாக்டர் தேம்பலை அடக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே கேட்டார். அதன் பிறகு பெரியவர் அந்தப் பாட்டை எங்கேயும் வாசிக்கவில்லை என்று தெரிந்தபோது இவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'நம்மகிட்டயே அதை விட்டுட்டுப் போயிட்டார்' என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அந்த அரங்கத்தில் ஒரே ஒருவருக்குக் கை தானாக எழுந்தது. அண்ணிக்கு. ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதற்குள் கடைக்காரர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

* ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததுமே, பாட்டு நடுவில் இருந்தாலும், கைதட்டுவது உலக வழக்கம். தட்டாவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதை நான் விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

4

கடைக்காரர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனைவியின் கையைப் பிடித்து அடக்குகிற ஆளை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இவர் கண்ணாடி வாங்க வரும் குழந்தைகளிடம், "இனிமே உங்க டீச்சர் மூக்குல இருக்கிற மருகூடத் தெரியும் பாரு," என்று சொல்லிச் சிரிக்க வைக்கிற மனுஷர். பெரியவர் செத்த செய்தி வந்த அன்று கடையைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதவர். ஆகவே வில்லன் இல்லாமலே கதையை ஓட்ட வேண்டியதாயிற்று.

ரேடியோவில் பேட்டி வந்த அன்று மாலை கடையிலேயே இரங்கல் கூட்டம். தலைவர்தான் பேசுவார். எதைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரவைப் பற்றித்தான், அந்த மௌனத்தைப் பற்றித்தான். அண்ணி தரையிலிருந்து எழுந்து பின்னறைக்குப் போனார்.

5

"மெஷினை நிறுத்துங்க."

"இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்கு."

"அந்தக் கண்ணு காத்திருக்கும். நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"ரேடியோல பெரியவர் பேசினார். பழைய பேட்டியாம். நம்ம ஊரைப் பத்திச் சொன்னார்."

என்ன சொன்னார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. துடைத்து வைத்திருந்த லென்ஸை எடுத்து மறுபடியும் துடைத்தார். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

(என் திட்டம் வேறு. அண்ணி சொல்ல வேண்டும், அவர் இடிந்துபோக வேண்டும். உட்கார்ந்து அழ ஒரு ஸ்டூல்கூடப் போட்டு வைத்திருந்தேன். பாத்திரங்கள் எழுத்தாளரை மீறிப் போய்விடுமாம், சிலர் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. நான்தான் மாற்றினேன். இடிந்துபோகிறவரைவிட, தெரிந்தும் வாயைத் திறக்காதவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.)

"எப்போலேர்ந்து?"

"அஞ்சு வருஷம் இருக்கும். ஒரு பத்திரிகைல வந்துச்சு."

"அஞ்சு வருஷமா ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லல."

"எப்படிச் சொல்றது? அத்தனை ஜனத்துல தட்ட வந்தது உன் கை ஒண்ணுதான். அதையும் நான் பிடிச்சேன். உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

அண்ணிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் முதலில் வெளியே விட்டார்.

"சரி, நான் கிடக்கறேன். அவங்க எட்டுப் பேர்?"

"டாக்டரோட சம்சாரம் போனப்போ மனுஷன் சாப்பிடாம கிடந்தாரே, ஞாபகம் இருக்கா? அந்த ராத்திரியைப் பேசிப் பேசித்தான் அவரை எழுப்பி உட்கார வச்சோம். இப்போ அதைப் போய்ப் பிடுங்கச் சொல்றியா?"

"பெரியவர் நம்மள நெனச்சு மனசு நொந்தே போயிருக்காரே. அதுக்கு யார் பதில் சொல்றது?"

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை, இருந்திருந்தால் அவருக்குக் கொடுத்திருப்பேன். லென்ஸைக் கீழே வைத்தார்.

"நீயே முடிவு பண்ணு. சொல்றதா இருந்தாலும் சரி, விடறதா இருந்தாலும் சரி. நான் குறுக்க வரமாட்டேன். அன்னிக்கு வந்ததே போதும்."

6

முடிவுகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. கூட்டத்தில் அந்த இசைத்தட்டைப் போடுகிறார்கள், கிடார் ஓய்ந்ததும் அண்ணி மட்டும் கைதட்டுகிறார், ஒவ்வொருவராக எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் எதிர்பார்த்தது இதுதானே? உங்களுக்குக் கண் கலங்கும், எனக்குப் பெயர் கிடைக்கும், செத்தவருக்கு ஒன்றும் கேட்காது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

இரண்டாவதில் அண்ணி பேசாமல் இருந்துவிடுகிறார். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இதில் பயந்தது அண்ணியா நானா என்று தெரியவில்லை.

மூன்றாவது, அறிவிப்பாளர் தவறாக மொழிபெயர்த்துவிட்டதாகப் பிறகு தெரியவந்து (சீச்சீ.)

ஆகவே கூட்டத்துக்கே போவோம். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைமேல் பெரியவர் படத்தை மாட்டியிருந்தார்கள். பெரிய எழுத்துகள் எல்லாம் மறைந்து, யாராலும் படிக்க முடியாத கடைசி வரி மட்டும் கீழே தெரிந்தது. எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். லிப்ட் மெக்கானிக் வேலை உடுப்போடு வந்து ஓரமாக நின்றார். கடைக்காரர் பேச எழுந்தார், தொண்டையைக் கனைத்தார், "எனக்கு இன்னிக்கு முடியல," என்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். துக்கத்தில் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பல் டாக்டர்தான் சமாளித்தார். "அண்ணி, நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்க. இத்தனை வருஷத்துல நாங்கதான் பேசியிருக்கோம், நீங்க சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அண்ணி எழுந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். ஒருமுறை படத்தைப் பார்த்தார், ஒருமுறை டாக்டரைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருக்கிறேன். தரமாட்டேன். தந்தால், 'அதுதான் சரி' என்று தலையை ஆட்டிவிட்டு நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அப்படிச் சுலபமாக உங்களை விடுவதாக இல்லை. எழுந்து இங்கே வாருங்கள், அண்ணி நின்ற இடத்தில் நில்லுங்கள். எதிரே எட்டுப் பேர், அவர்களிடம் இருப்பது அந்த ஓர் இரவு. சுவரில், தன்னை அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்தபடியே செத்துப்போனவர். ஓரத்தில் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவர். டாக்டர் இன்னும் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சொல்லுங்க அண்ணி."