அக்காவாக நடித்த மாஸ்டர்

என் அக்கா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, ‘இது ஓடக்கூடாது’ என்று சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வீட்டிலும் அந்த வேலையை அவள் விட்டதில்லை. அப்படிப்பட்டவளை, மக்களிடம் சிரித்துப் பேசப் பழகட்டும் என்று, அந்தந்த நேரத்தில் தோன்றுவதை வைத்து நடிக்கும் நாடக வகுப்புக்கு அவளுடைய அலுவலகம் அனுப்பியது. ஜோடியாக வர வேண்டுமாம். என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு ஐந்தாம் மாடியில். முதல் நாளே லிஃப்டில் தலைகளை எண்ணி, “ஆறு பேர்தான். கடைசியா ஏறினவர் இறங்குங்க” என்றாள். இறங்கியவர் மாஸ்டர். படியேறி மூச்சு வாங்க வந்து வகுப்பைத் தொடங்கினார்.

நடிப்பதற்கு முன் ஜோடி விளையாட்டு. ஒருவர் எதையாவது சொன்னால், மற்றவர் ‘ஆமாம், அப்புறம்’ என்று அதை வளர்க்க வேண்டும்.

“அக்கா, நாம நிலாவுல இருக்கோம்.”

“இல்லடா தடியா. வண்டிய நோ பார்க்கிங்ல விட்டுட்டு வந்திருக்க.”

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “மேடம், இல்லங்கிற வார்த்தைய செருப்போட வெளியவே விட்டுட்டு வரணும்.”

“இல்ல சார், அங்க ஏற்கெனவே இடமில்ல.”

வகுப்பே சிரித்தது. எங்களோடு படித்த ஒரு பெண் பல் டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மாஸ்டர் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கக் கற்றுத்தருகிறவர்கள் பொதுவாகச் சிரிப்பதில்லை.

அடுத்தது கண்ணாடி விளையாட்டு. நான் கையை உயர்த்தினால் அவளும் உயர்த்த வேண்டும். உயர்த்தினாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறக்கினாள்.

அந்த வருடமே அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. அவள் சொன்ன ‘இல்லை’யை அது மட்டும் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க மாஸ்டர் வரவில்லை. என்னை வரச் சொன்னார். ஆண்டு விழாவில் அக்காவைப் பற்றி ஒரு காட்சி. அக்காவாக அவரே. என் சம்மதம் மட்டும்தான் பாக்கியாம். போஸ்டர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது: ‘ஆமாம் தம்பி’.

அக்கா வேலைக்குப் போடுவது மாதிரி ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் எதிரில் நின்றார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். டிஷ்யூ பெட்டியும் தயாராக இருந்தது.

“நான்தான் உங்க அக்கா. கேளுங்க.”

“அக்கா, நல்லா இருக்கியா?”

“ஆமாண்டா கண்ணு. அப்புறம், இங்க எல்லாமே ஒளிமயமா இருக்கு.”

பெட்டி கைமாறத் தொடங்கியது. அக்கா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. இந்த மனிதரை மேடையேற விட்டால், பார்க்கிறவர்களின் நினைவில் என் அக்கா தலையாட்டி பொம்மையாகத்தான் தங்குவாள்.

“அக்கா, மாஸ்டர் மேடையில நீயா நடிக்கணுங்கிறார். நடிக்கட்டுமா?”

‘ஆ’ என்று திறந்த வாய் அப்படியே நின்றது. ஆமாம் என்றால் அது அக்கா இல்லை. அக்காவாகப் பதில் சொன்னால் காட்சியே இல்லை. ஹெல்மெட் சரிந்து புருவத்தில் உட்கார்ந்தது.

“இல்லன்னுதான் சொல்லுவாங்க சார்” என்றார் பல் டாக்டர். “அதுவும் நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள.”

அறையே சிரித்தது. அக்கா இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று மாஸ்டர் என்னிடம் கேட்டார்.

“அதான் அக்கா சொல்லிட்டாளே.”

வகுப்பு கலைந்து எல்லோரும் லிஃப்டில் நெருக்கியடித்து ஏறினார்கள். கடைசியாக மாஸ்டர், சுருட்டிய போஸ்டர்களோடு. நான் தலைகளை எண்ணினேன்.

“கடைசியா ஏறினவர் இறங்குங்க.”

இறங்கினார். பல் டாக்டர் பொத்தானை அழுத்தினார்.